கீரனூர்த் தொட்டியில் கடலோர நண்டு வாழுமா?

உப்பில் இருக்கிறது அதன் உயிர்!

திண்டுக்கல் மாவட்டத்தில், பழனி வட்டாரத்தில் உள்ள ஊர் கீரனூர். அங்கே கடல் இல்லை. கழிமுகம் இல்லை. உப்பங்கழியும் இல்லை. கடல் பார்க்க வேண்டுமானால் பல மணி நேரம் பயணம் செய்ய வேண்டும்.

ஆனால் நண்டு உண்டு!

வாய்க்கால் ஓரத்தில் நண்டு. வயல் வரப்பில் நண்டு. குளத்துக் கரையில் நண்டு. மாலையில் வயலுக்குத் தண்ணீர் கட்டிவிட்டு வீடு திரும்புவார் விவசாயி. காலையில் வந்து பார்த்தால் வயலில் தண்ணீர் இருக்காது. வரப்பில் நண்டு வளை போட்டிருக்கும். அந்த வளை வழியாகத் தண்ணீர் முழுவதும் அடுத்த வயலுக்குப் போயிருக்கும்!

விவசாயிக்குத் தலைவலி. ஆனால் பிள்ளைகளுக்கோ அது விளையாட்டுத் தோழன். நண்டைப் பிடித்து ஒரு பாத்திரத்தில் விட்டு, அது பக்கவாட்டில் ஓடும் அழகை வேடிக்கை பார்ப்பார்கள்.

இப்போது இன்னொரு நண்டும் ஊர்களுக்குள் வந்துவிட்டது. அது வயல் நண்டு அல்ல. வண்ணமீன் கடைகளில் சில சமயம் விற்கப்படும் சின்னஞ்சிறு சிவப்புக் கொடுக்கு நண்டு. உடல் பழுப்பு நிறம். கொடுக்கு மட்டும் குங்குமச் சிவப்பு. பார்த்தவுடன் பிள்ளைகள், "அப்பா, எனக்கு அது வேண்டும்!" என்று கேட்பார்கள். அப்பாவும் வாங்கிக் கொடுத்துவிடுகிறார்.

வீட்டுக்கு வந்த நண்டு முதல் வாரம் சுறுசுறுப்பாக இருக்கிறது. இரண்டாம் வாரம் சோர்ந்து போகிறது. சில வாரங்களில் இறந்து விடுகிறது. பிள்ளை அழுகிறது. "நாம் என்ன குற்றம் செய்தோம்?" என்று வீட்டார் திகைக்கிறார்கள்.

குற்றம் என்ன தெரியுமா? தண்ணீரில் உப்பு இல்லை. அவ்வளவுதான்!

இரண்டும் நண்டுதான், ஆனாலும்...

வயல் நண்டுக்கும் கடலோர நண்டுக்கும் உருவம் ஒன்றுபோல் இருக்கும். இரண்டுக்கும் பத்துக் கால்கள். அவற்றில் முன்கால்கள் இரண்டும் கொடுக்குகள். கண்கள் இரண்டும் சிறு காம்பின் நுனியில் இருக்கும். வேண்டும்போது அவற்றை நிமிர்த்திப் பார்க்கும். வேண்டாதபோது மடக்கிக் கொள்ளும்.

ஆணா பெண்ணா என்று பார்ப்பதும் எளிது. நண்டின் அடிப்பக்கத்தில் ஒரு மடல் மடிந்து ஒட்டியிருக்கும். அது குறுகலாக, கூர்மையாக இருந்தால் ஆண். அகலமாக, வட்டமாக இருந்தால் பெண்.

ஆனால் வாழ்க்கை முறையில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் உண்டு.

வயல் நண்டு நல்ல தண்ணீரிலேயே பிறக்கிறது. அங்கேயே வளர்கிறது. அங்கேயே குடும்பம் நடத்துகிறது. தாய் நண்டு முட்டைகளை வயிற்று மடலுக்குள் வைத்துக் காக்கிறது. முட்டையிலிருந்து வெளிவரும்போதே குஞ்சுகள் நண்டு உருவத்தில் இருக்கும். சில நாள் தாயின் வயிற்று மடலில் தொற்றிக் கொண்டிருந்துவிட்டுப் பிறகு இறங்கிப் போய்விடும். அதற்குக் கடல் தேவையே இல்லை. அதனால்தான் அது கீரனூரில் இருக்கிறது!

கடலோர நண்டின் கதை வேறு. சேற்று நண்டு என்று ஒரு பெரிய நண்டு உண்டு. 2 கிலோ எடைக்கு மேலும் வளரக் கூடியது. அது வாழ்வது கழிமுகத்துச் சேற்றில். ஆனால் முட்டை பொரிக்கும் காலம் வந்ததும், தாய் நண்டு கடலை நோக்கிப் போய்விடும். ஒரே தாய் பத்து லட்சத்துக்கு மேலும் முட்டைகளைச் சுமக்கும். அந்த முட்டையிலிருந்து வருவது நண்டு உருவமே அல்ல. கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத ஒரு பூச்சி போல் இருக்கும். அது கடல் நீரில் மிதந்து, பல முறை தோல் உரித்து, உருவம் மாறி, கடைசியில்தான் நண்டாகும். பிறகு மெல்லக் கழிமுகத்துக்குத் திரும்பி வரும்.

கடையில் விற்கும் சிவப்புக் கொடுக்கு நண்டும் இந்தக் கடலோர ஜாதியைச் சேர்ந்ததுதான். தென்கிழக்கு ஆசியாவின் அலையாத்திக் காடுகள் அதன் தாயகம். அதன் குஞ்சுகளுக்கும் உப்புநீர் வேண்டும்.

உவர்நீர் என்பது எது?

ஆற்று நீர் நல்ல நீர். கடல் நீர் உப்பு நீர். இரண்டும் கலக்கும் இடத்தில் இருப்பது உவர்நீர்.

ஒரு லிட்டர் கடல் நீரைக் காய்ச்சி வற்ற வைத்தால் சுமார் 35 கிராம் உப்பு மிஞ்சும். உவர்நீரில் அதைவிடக் குறைவாக இருக்கும். எவ்வளவு என்று ஒரே கணக்காகச் சொல்ல முடியாது. கடல் ஏறும்போது உப்பு கூடும். ஆற்றில் வெள்ளம் வரும்போது உப்பு குறையும். காலையில் ஒரு கணக்கு, மாலையில் ஒரு கணக்கு. கோடையில் ஒரு கணக்கு, மழைக் காலத்தில் ஒரு கணக்கு.

தமிழ்நாட்டில் இத்தகைய இடங்கள் பல உள்ளன. சென்னைக்கு வடக்கே பழவேற்காடு ஏரி. இந்தியாவின் உவர்நீர் ஏரிகளில் சிலிகாவுக்கு அடுத்த பெரிய ஏரி இதுதான். சென்னைக்குத் தெற்கே முட்டுக்காடு. சிதம்பரத்துக்கு அருகே பிச்சாவரம். பிச்சாவரத்தில் படகில் போனவர்கள் அலையாத்தி மரங்களின் வேர்களைப் பார்த்திருப்பார்கள். தண்ணீர் வடிந்த நேரத்தில் அந்த வேர்களுக்கு இடையே உள்ள சேறு உயிருடன் அசைவது போல் தோன்றும். அத்தனையும் நண்டுகள்!

அவற்றில் ஒரு வகை மிக வேடிக்கையானது. ஆண் நண்டுக்கு ஒரு கொடுக்கு சிறியது. மற்றொன்று உடம்பு அளவுக்குப் பெரியது. அந்தப் பெரிய கொடுக்கை மேலும் கீழும் ஆட்டி, பெண் நண்டை 'வா, வா' என்று அழைக்கும். சேற்றை அள்ளி வாயில் போட்டு, அதில் உள்ள உணவை மட்டும் எடுத்துக் கொண்டு, மிச்சத்தைச் சிறு உருண்டையாக வெளியே வைத்துவிடும்.

கடற்கரையில் பெண்கள் நண்டை ஓடவிட்டு விளையாடியதைச் சங்க இலக்கியம் சொல்கிறது. நண்டுக்கு அக்காலத்தில் 'அலவன்' என்று பெயர். வயல் நண்டையும் புலவர்கள் மறக்கவில்லை. 'ஐங்குறுநூறு' என்ற நூலில் 'கள்வன் பத்து' என்றே ஒரு பகுதி இருக்கிறது. அங்கே கள்வன் என்றால் திருடன் அல்ல, நண்டு!

நல்ல தண்ணீர் விஷமாவது எப்படி?

"உப்புத் தண்ணீரில் வாழும் பிராணிக்கு நல்ல தண்ணீர் கொடுத்தால் நல்லதுதானே?" என்று சிலர் நினைக்கலாம். அது தவறு.

நண்டின் உடம்புக்குள் ஓடும் ரத்தத்தில் உப்பு உண்டு. வெளியே உள்ள தண்ணீரில் உப்பே இல்லாவிட்டால் என்ன ஆகும்? உடம்பில் உள்ள உப்பு செவுள் வழியே வெளியே கசியும். வெளியே உள்ள தண்ணீர் உள்ளே புகும். நண்டு சும்மா இருக்காது. தண்ணீரை ஓயாமல் வெளியேற்றும். செவுளால் உப்பைப் பிடித்து உள்ளே இழுக்கும். இரவும் பகலும் இதே வேலை.

கழிமுகத்தில் மழை வெள்ளம் வந்தால் சில நாள் இப்படிப் போராடிச் சமாளிக்கும். பிறகு கடல் ஏறும். உப்பு வரும். நண்டு இளைப்பாறும். ஆனால் வீட்டுக் கண்ணாடித் தொட்டியில் கடல் ஏறுவதே இல்லை! போராடிப் போராடிக் களைத்து நண்டு இறந்து விடுகிறது.

இன்னொரு காரணமும் உண்டு. மீன் தொட்டியில் விளிம்பு வரை தண்ணீர் நிரப்பிவிடுகிறார்கள். அலையாத்திக் காட்டு நண்டு முழு நேரமும் நீருக்குள் இருக்கும் பிராணி அல்ல. பாதி நேரம் நீர். பாதி நேரம் நிலம். ஏறி உட்கார இடம் இல்லாவிட்டால் அது வாழாது.

தொட்டி அமைப்பது எப்படி?

அப்படியானால் கீரனூரில் இத்தகைய நண்டை வளர்க்கவே முடியாதா? முடியும். கடலைக் கொண்டுவர வேண்டாம். கடலின் உப்பைக் கொண்டுவந்தால் போதும்.

இரண்டு அடி நீளம், ஓர் அடி அகலம், ஓர் அடி உயரம் உள்ள கண்ணாடித் தொட்டி நல்லது. அதில் ஒரு பக்கம் கடற்கரை போல மணலைச் சரிவாகக் கொட்ட வேண்டும். கல், மரக்கட்டை இவற்றை வைத்து நண்டு ஒளிந்து கொள்ள இடம் அமைக்க வேண்டும். மறு பக்கம் தண்ணீர்.

தொட்டி நிறைய ஊற்றினால் 55 லிட்டர் பிடிக்கும். அவ்வளவு வேண்டாம். மூன்றில் ஒரு பங்கு, அதாவது 18 லிட்டர் போதும்.

குழாய்த் தண்ணீரை அப்படியே ஊற்றக் கூடாது. அதில் குளோரின் மருந்து கலந்திருக்கும். வாளியில் பிடித்து ஒரு நாள் முழுவதும் திறந்து வைத்தால் மருந்து ஆவியாகப் போய்விடும்.

பிறகு உப்பு. சமையல் உப்பு கூடாது! சமையல் உப்பில் உப்பு மட்டுமே இருக்கிறது. கடல் நீரில் சுண்ணாம்புச் சத்து, மக்னீசியம் முதலிய பல சத்துக்கள் இருக்கின்றன. நண்டின் ஓடு உறுதிப்பட அவை வேண்டும். கடல் மீன் தொட்டிக்கென்றே தயாரித்த உப்பு கடைகளில் கிடைக்கும். லிட்டருக்கு 10 கிராம் வீதம் 18 லிட்டருக்கு 180 கிராம். இதை வாளியிலேயே நன்றாகக் கரைத்து, பிறகு தொட்டியில் ஊற்ற வேண்டும். உப்பின் அளவைக் காட்டும் சிறு கருவியும் உண்டு. வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

தண்ணீரில் காற்றுக் குமிழி விடும் கருவியும், அழுக்கை வடிகட்டும் கருவியும் வேண்டும்.

இவ்வளவும் செய்த உடனே நண்டை விட்டுவிடலாமா? கூடாது. ஒரு மாதமாவது பொறுக்க வேண்டும். ஏன்? நண்டின் கழிவிலிருந்து அம்மோனியா என்ற நஞ்சு உண்டாகும். அதை மாற்றி நஞ்சு குறைந்த பொருளாக்க நல்ல கிருமிகள் இருக்கின்றன. அவை மணலிலும் வடிகட்டியிலும் குடியேறப் பல வாரங்கள் ஆகும். அதுவரை தினமும் ஒரு சிட்டிகை மீன் தீனி போட்டுவந்தால் அந்தக் கிருமிகள் பெருகும். குடிவருவதற்கு முன்பே வீட்டைச் சுத்தம் செய்யும் ஆளை வேலைக்கு வைப்பது போன்றது இது!

தெரிந்துகொள்ள வேண்டியவை

தொட்டிக்கு மூடி கட்டாயம் வேண்டும். நண்டு குழாயைப் பிடித்து ஏறி வெளியே போய்விடும். வெளியே போனால் செவுள் உலர்ந்து சாகும். மூடி இருந்தால் உள்ளே ஈரக்காற்றும் தங்கும். திண்டுக்கல் சமவெளியின் வறண்ட கோடைக்கு இது மிகவும் தேவை.

தொட்டியை வெயில் படும் இடத்தில் வைக்கக் கூடாது.

தண்ணீர் ஆவியாகிக் குறையும். ஆனால் உப்பு ஆவியாகாது. ஆகவே குறைந்த அளவுக்கு நல்ல தண்ணீரை மட்டும் ஊற்ற வேண்டும். உப்பு நீரை ஊற்றினால் நாளுக்கு நாள் உப்பு ஏறிவிடும். கண்ணாடியில் ஒரு கோடு போட்டு வைத்தால் எவ்வளவு குறைந்தது என்று தெரியும்.

ஆகாரம் கொஞ்சமாகப் போட வேண்டும். வேகவைத்த கீரை, சிறு இறால் துண்டு, மீன் தீனி எல்லாம் தின்னும். மிச்சத்தை எடுத்துவிட வேண்டும். அழுகினால் தண்ணீர் கெடும்.

இந்த அளவுத் தொட்டியில் ஓர் ஆண் நண்டு போதும். இரண்டு ஆண் நண்டுகளை விட்டால் சண்டை போட்டுக் கொடுக்கை முறித்துக் கொள்ளும். சின்ன மீன்களையும் கூட விடக் கூடாது. தூங்கும் மீனை நண்டு பிடித்துத் தின்றுவிடும்.

கொசு மருந்தைத் தொட்டி இருக்கும் அறையில் அடிக்கவே கூடாது. பூச்சியைக் கொல்லும் மருந்து நண்டையும் கொல்லும். பூச்சியும் நண்டும் தூரத்து உறவு! மீன் நோய்க்குப் போடும் செம்பு கலந்த மருந்தும் நண்டுக்கு ஆகாது.

சட்டை உரிக்கும் நண்டு

ஒரு நாள் காலையில் தொட்டியைப் பார்த்தால், நண்டு அசையாமல் கிடக்கும். "ஐயோ, செத்துவிட்டதே!" என்று எடுத்து எறிந்துவிடாதீர்கள். நன்றாகப் பாருங்கள். அது வெறும் ஓடாக இருக்கலாம்!

நண்டின் ஓடு வளராது. உள்ளே உடம்பு வளர வளர ஓடு இறுகும். அப்போது பழைய ஓட்டைக் கழற்றிவிட்டு, மெத்தென்ற புது உடம்போடு நண்டு வெளியே வரும். உடனே தண்ணீரை உறிஞ்சி உடம்பைப் பெரிதாக்கிக் கொள்ளும். பிறகுதான் புது ஓடு கெட்டியாகும். அதுவரை அது எங்காவது ஒளிந்திருக்கும். அந்த நேரத்தில் மற்ற நண்டுகள் பார்த்தால் தின்றுவிடும்.

கழற்றிய ஓட்டை வெளியே எடுக்க வேண்டாம். நண்டே அதைத் தின்று சுண்ணாம்புச் சத்தை மீட்டுக் கொள்ளும். கால் ஒடிந்த நண்டுக்கு அடுத்தடுத்த சட்டை உரிப்பில் புதுக் கால் முளைக்கும்.

பிழைப்பும் இதுதான்

கீரனூரில் பிள்ளைகளின் ஆசைக்கு நண்டு வளர்ப்பார்கள். கடலோரத்தில் வயிற்றுப் பிழைப்புக்கு வளர்க்கிறார்கள்.

சட்டை உரித்த சேற்று நண்டின் உள்ளே சதை குறைவு. தண்ணீர்தான் அதிகம். அதைத் 'தண்ணீர் நண்டு' என்பார்கள். அதற்கு விலை குறைவு. அதை வாங்கி உவர்நீர்க் குட்டையிலோ கூண்டிலோ விட்டு, மலிவான மீன்களை இரையாகப் போட்டு, 3 அல்லது 4 வாரம் வளர்த்தால் சதை பிடித்துவிடும். விலையும் ஏறிவிடும். இதற்கு 'நண்டு கொழுக்க வைத்தல்' என்று பெயர். ஒன்றையொன்று தின்றுவிடாமல் இருக்க, தனித்தனிப் பெட்டியில் வைத்து வளர்ப்பவர்களும் உண்டு. பிறகு கொடுக்கைக் கயிற்றால் கட்டி, ஈரம் காயாமல் கூடையில் அடுக்கி, உயிரோடு சிங்கப்பூர் முதலிய நாடுகளுக்கு அனுப்புகிறார்கள். ஈரம் இருந்தால் சேற்று நண்டு தண்ணீர் இல்லாமலும் சில நாள் உயிரோடு இருக்கும்.

பிச்சாவரத்துப் பக்கம் இருளர் சமூகத்தினர் தண்ணீரில் இறங்கி, வலை இல்லாமல், கையாலேயே துழாவி மீனும் இறாலும் நண்டும் பிடிக்கிறார்கள். கொடுக்கு கடித்தால் விரல் போகும். ஆனாலும் அதுதான் அவர்கள் வீட்டு அடுப்பை எரிய வைக்கிறது.

எல்லோரும் பிடித்துக் கொண்டே இருந்தால் நண்டு எங்கிருந்து வரும்? இதற்கு விஞ்ஞானிகள் வழி தேடினார்கள். உவர்நீர்ப் பிராணிகளை வளர்ப்பது பற்றி ஆராய 1987-ம் ஆண்டு மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிலையம் ஏற்பட்டது. அதன் தலைமையிடம் சென்னை. சோதனைக் குளங்கள் முட்டுக்காட்டில் உள்ளன. சீர்காழி அருகே தொடுவாயில், கடல்பொருள் ஏற்றுமதி வளர்ச்சி ஆணையத்தைச் சேர்ந்த ராஜீவ் காந்தி நீர்வாழ் உயிரின வளர்ப்பு மையம் சேற்று நண்டுக் குஞ்சு பொரிப்பகம் அமைத்தது. தாய் நண்டைத் தொட்டியில் வைத்து, முட்டை பொரிக்கச் செய்து, அந்தப் பூச்சி போன்ற குஞ்சுகளை ஊட்டி வளர்த்து, நண்டாக்கிப் பண்ணைகளுக்குக் கொடுக்கும் வேலை அது. எளிய வேலை அல்ல. பொரித்த குஞ்சுகளில் நூற்றுக்குச் சிலவே நண்டாகும் வரை பிழைக்கும்.

ஆனால் கடையில் விற்கும் சிவப்புக் கொடுக்கு நண்டுகளுக்கு அப்படிப் பொரிப்பகம் இல்லை. அவை பெரும்பாலும் காட்டுச் சேற்றிலிருந்து பிடித்து வரப்பட்டவை. நல்ல தண்ணீரில் ஒன்று செத்தால், அதன் இடத்துக்கு இன்னொன்றைச் சேற்றிலிருந்துதான் பிடிக்க வேண்டும்.

வாங்கும் முன் கேளுங்கள்

தமிழ்நாட்டுக்குக் கண்ணாடித் தொட்டி புதிது அல்ல. 1909-ம் ஆண்டிலேயே சென்னை மெரினா கடற்கரையில் மீன் காட்சிச்சாலை திறக்கப்பட்டது. அது இன்று இல்லை. ஆனால் அது சொன்ன பாடம் இருக்கிறது. தொட்டி என்பது பிராணியைப் போட்டு வைக்கும் பாத்திரம் அல்ல; அதன் சொந்த ஊரைச் சிறிதாக்கிக் கட்டும் வீடு.

நண்டு வாங்கும் முன் இரண்டு கேள்வி கேளுங்கள். "இது எந்த ஊர் நண்டு? இதற்கு உப்பு வேண்டுமா?" பதில் சரியாக இல்லாவிட்டால் வாங்க வேண்டாம். ஒரு மாதம் பொறுத்துத் தொட்டி தயாரிக்கப் பொறுமை இல்லாதவர்களும் வாங்க வேண்டாம். பிள்ளையை அழைத்துக் கொண்டு வாய்க்கால் கரைக்குப் போங்கள். வயல் நண்டு அங்கே இலவசமாக வித்தை காட்டும்!

வளர்த்த நண்டு அலுத்துவிட்டது என்று அதைக் குளத்தில் கொண்டு போய் விடவும் கூடாது. அங்கே அது பிழைக்காது. வெளிநாட்டு நோய் ஏதும் அதனிடம் இருந்தால், நம் ஊர் நண்டுக்கும் அது தொற்றலாம். வளர்க்கத் தெரிந்த வேறொருவரிடம் கொடுத்துவிட வேண்டும்.

பழனியைத் தொட்டு ஓடும் சண்முகநதி அமராவதியில் சேர்கிறது. அமராவதி கரூரைத் தாண்டிக் காவிரியில் சேர்கிறது. காவிரி பூம்புகாரில் கடலைத் தொடுகிறது. பழனி மலையில் பெய்த மழை அங்கே உப்போடு கலந்து உவர்நீர் ஆகிறது. நண்டுக் குஞ்சு பொரிக்கும் தொடுவாயும் அந்தக் கடற்கரையில்தான் இருக்கிறது.

நம் பக்கத்து நல்ல தண்ணீர் அவ்வளவு தூரம் போய்க் கடலோர நண்டுக்கு உதவுகிறது. அந்த நண்டில் ஒன்று நம் வீட்டுக்கு வந்தால், அதற்கு லிட்டருக்குப் பத்துக் கிராம் உப்பு கொடுக்கக் கூடாதா?